மாத்திரை அட்டையின் பின்பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி நன்றாக முழங்கினார். "நாட்டை வளர்ப்பவர்கள் தலைவர்கள்தான், அதிகாரிகள் வெறுமனே கோப்பைத் தள்ளுகிறவர்கள்" என்றார். தம் அம்மாவுக்கு மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை கிடைப்பதும் தலைவர்கள் போட்ட பிச்சை என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தட்டினேன். பட்டா பெயர் மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு மாதம் நடந்தவன் ஐயா நான். மனு கொடுத்த அன்று காலில் கிடந்த செருப்பு, பட்டா வந்த அன்று இல்லை. அதனால் அதிகாரிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் தம்பி, 'மருந்து இலவசம்' என்று மேடையில் அறிவிக்க ஒரு நிமிஷம் போதும். ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்பு கடித்து ஒருவரைத் தூக்கிவந்தால், அந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டுமே? அதற்கு யார் கணக்குப் போட்டது?

1990களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதலில் முறைகேடு வெடித்தது. அப்புறம் 1994-ல், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அதற்கு வடிவம் கொடுத்தவர் பூரணலிங்கம் என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள்! பார்த்தீர்களா நடுவரே.

மாநிலம் முழுக்க வேண்டிய மருந்துக்குச் சேர்த்து டெண்டர் விட்டார்கள், விலை இறங்கியது. மாவட்டங்களில் கிடங்கு கட்டினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரியே ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு தொகை என்று அதில் எழுதியிருக்கும். வேண்டிய மருந்தை எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்துத்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யார் சரக்கு என்று தெரிந்தால்தானே கவனிக்க முடியும்! மாத்திரை அட்டையிலேயே 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சு. பின்வாசல் வழியாக மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

தலைவர் சம்மதம் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்பார் தம்பி. நடக்காது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1996-ல் ஆட்சி மாறியது. 2001, 2006, 2011 என்று மாறி மாறி மாறியது. பழைய ஆட்சி வைத்த பெயர்ப்பலகையைக்கூட விட்டுவைக்காத ஊர் இது. பாஸ்புக் முறையை மட்டும் யாரும் தூக்கிப்போடவில்லை. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒரு கழகம் அமைத்துக்கொண்டன.

தம்பிக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. அதற்குள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.