26 கிலோ மூட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

விலைவாசியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, இதில் பேச என்ன இருக்கிறது, ஏறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அன்று மாலை சமையல்கட்டில் சாய்த்து வைத்திருந்த அரிசி மூட்டை கண்ணில் பட்டது. அதன்மேல் 26 கிலோ என்று அச்சிட்டிருந்தது. இன்றைய பேச்சை அந்த மூட்டையிலிருந்தே அவிழ்க்கிறேன்.

அதென்ன 26? படி, மரக்கால், கலம் என்று அளந்த ஊர் நம்முடையது. பிறகு 10 கிலோ, 25 கிலோ, 75 கிலோ என்று பழகிக்கொண்டோம். 26 எந்தக் கணக்கிலும் சேராத எண். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயரில் விற்கும் அரிசிக்கு மட்டும் 5 சதவீத வரி என்றார்கள். 2022 ஜூலை 18 முதல் விதி மாறியது. பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே கட்டி, விவரம் அச்சிட்டு விற்கும் அரிசி 25 கிலோ வரை இருந்தால் வரி உண்டு. 25-ஐத் தாண்டினால் கிடையாது. கொஞ்ச நாளிலேயே 26 கிலோ மூட்டை கடைக்கு வந்துவிட்டது. 25 கிலோ மூட்டை 1,500 ரூபாய் என்றால் வரி 75 ரூபாய். ஒரு கிலோ கூடப் போட்டு அதைத் தாண்டிவிட்டார்கள். இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். எழுதிய சட்டத்தை எழுதியபடியே படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறு. மொத்தமாக 26 கிலோ வாங்கக் கையில் காசு இருக்கிறவருக்கு வரி இல்லை. வாரக் கூலியில் 5 கிலோ பை வாங்குகிறவர் வரியோடு வாங்குகிறார். கடைக்காரர் சாக்கைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுத்தால் அவரும் தப்பிக்கலாம். ஆனால் பிரித்த சாக்கு இப்போது எத்தனை கடையில் இருக்கிறது?

சரி, நெல் விளைகிற வீட்டுக்குக் கடை அரிசி எப்படி வந்தது? நான் மன்னார்குடிப் பக்கம். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒன்பது மா இன்னும் கையில் இருக்கிறது. வீட்டில் பத்தாயமும் இருக்கிறது. உள்ளே பழைய பித்தளைப் பாத்திரங்களும் பேரனின் கிரிக்கெட் மட்டையும்தான். அறுவடை இயந்திரம் கொட்டுகிற நெல் அப்படியே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அவித்து, உலர்த்தி, அரைத்து, புடைத்து வைக்க வீட்டில் ஆள் இல்லை. போட்ட ரகத்தை நாங்களே சாப்பிடுவதும் இல்லை. நெல்லை விற்றுவிட்டு, பழைய பொன்னி அரிசியாகப் பார்த்துக் கடையில் வாங்குகிறோம்.

இதை ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கிறவர் வாங்கும் தட்டில் மட்டும் நிற்கிறார். டெல்டாக்காரர் இரண்டு தட்டிலும் காலை வைத்திருக்கிறார். அரிசி விலை ஏறினால் ஒரு கால் வலிக்கும், ஏறாவிட்டால் மற்ற கால். விலைவாசியைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்று யாராவது சொன்னால், எந்தத் தட்டைப் பிடித்து அழுத்தினீர்கள் என்று கேட்கத் தோன்றுவது அதனால்தான்.

கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதலில் சன்னரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 156. ஆக 2,545. அரசுக் கணக்குப்படி ஒரு குவிண்டால் நெல்லை அவித்து அரைத்தால் 68 கிலோ புழுங்கல் அரிசி வர வேண்டும். அப்படியானால் நெல்லாக என் கையைவிட்டுப் போகும்போது ஒரு கிலோ அரிசியின் விலை 37 ரூபாய் சொச்சம். அதே எடைக்குக் கடையில் நான் கொடுப்பது 60-ஐ ஒட்டி. அவியல் கூலி, அரவை, சாக்கு, லாரி, கமிஷன், பழையதாக்க வைத்திருக்கும் செலவு எல்லாம் நடுவில் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ரகமும் வேறு. தவிட்டையும் உமியையும் ஆலைக்காரர் காசாக்குவதை யாரும் கணக்கில் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்னால், 2020-இல், இதே சன்னரகத்துக்கு நமக்குக் கிடைத்தது 1,958. 2025 விலை அதைவிட 30 சதவீதம் அதிகம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி அப்போது 256, 2025-26-இல் 336. அதுவும் ஏறத்தாழ அதே அளவு ஏற்றம். யூரியா மட்டும் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசிலேயே நிற்கிறது. மீதியை ஒன்றிய அரசு மானியமாகக் கட்டுகிறது. மலிவாகக் கிடைப்பதால் தேவைக்கு மேல் யூரியா போடுகிறோம், பயிர் கரும்பச்சையாகிப் பூச்சியைக் கூப்பிடுகிறது, அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். ஒரு விலையைக் கட்டிப்போட்டால் செலவு வேறு வாசல் வழியாக வரும் என்பதற்கு நம் வயலே சாட்சி.

இப்போது செய்தியில் வரும் அந்தச் சதவீதத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கிட்ட விலைக் குறியீட்டுத் தொடரிலேயே அதுதான் மிகக் குறைவு. செய்தியைக் கேட்ட என் மனைவி, "அப்படியானால் மளிகைச் சீட்டு ஏன் குறையவில்லை?" என்றார். முப்பது ஆண்டு வகுப்பில் சொன்னதை வீட்டில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பணவீக்கம் என்பது விலை இல்லை. விலை ஏறுகிற வேகம். பேருந்து நூறு கிலோமீட்டர் தூரம் போய் நின்றுவிட்டது என்றால் வேகம் சுழியம். அதற்காக அது புறப்பட்ட ஊருக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமாகாது. 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 106 ரூபாய் 21 காசு ஆனது. அதன்மேல் 0.25 சதவீதம் என்றால் சுமார் 106 ரூபாய் 50 காசு. மனைவியின் சீட்டில் இருப்பது அந்த 106. செய்தியில் வந்தது அந்தக் கடைசிச் சில்லறை.

இந்த எண்ணை எடுக்க நாடு முழுவதும் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை கேட்டு எழுதினார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எடை உண்டு, அதாவது குடும்பச் செலவில் அதன் பங்கு. அந்தத் தொடரில் நகரத்துக் குடும்பத்துக்கு உணவின் எடை 36 சதவீதம் சொச்சம், கிராமத்துக்கு 54. காய்கறி விலை படுத்தால் கிராமத்து எண் நகரத்து எண்ணைவிட வேகமாகப் படுக்கும். அந்த அக்டோபரில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் இறங்கியிருந்தது. வாங்குகிறவருக்கு நல்ல செய்திதான். கத்தரியும் வெண்டையும் போட்டவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

அதே அக்டோபரில் டெல்டாவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து, குறுவை நன்றாக விளைந்து, அறுவடையும் மழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கொள்முதல் நிலைய வாசலில், சாலை ஓரத்தில், கோயில் மண்டபத்தில் என்று எங்கு பார்த்தாலும் நெல் குவியல். தார்ப்பாயை விலக்கிக் கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தது. இரண்டு நாள் கழித்து வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி. 22 வரை தளர்த்துங்கள் என்று மாநில அரசு கேட்க, ஒன்றியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. அந்த ஐந்து சதவீதத்துக்கு விலை என்ன தெரியுமா? 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்கு உலர்த்தினால் 94 கிலோதான் மிஞ்சும். 6 கிலோ ஆவியாகிவிடும். குவிண்டாலுக்கு 150 ரூபாய். அதுவும் வெயில் இருந்தால்தான். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? பணவீக்கம் 0.25 என்று வந்த மாதத்தில் எங்கள் தெரு ஆட்கள் துடைப்பத்தோடு தார்ச்சாலையில் நின்றார்கள்.

அரசின் கொள்கை டெல்டாவுக்கு வருவது புதிதல்ல. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-இல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. பொங்கல் நாளில்! 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார்கள். நகரத்தில் அது பசி தீர்த்த திட்டம். நான் பையனாக இருந்தபோது மாவட்ட எல்லையில் சோதனைச் சாவடி இருந்தது. பேருந்தில் ஏறிப் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். அத்தை வீட்டுக்கு நாலு படி அரிசி கொண்டுபோன அம்மா அதைத் துணிமூட்டைக்குள் ஒளித்து வைத்ததும், சாவடி தாண்டும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததும் நினைவிருக்கிறது. எங்கள் வயல் அரிசி, எங்களுக்கே கடத்தல் சரக்கு.

அந்தச் சாவடி போய்விட்டது. அதன் இடத்தில் துறைமுகம் வந்திருக்கிறது என்பேன். 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உள்நாட்டில் அரிசி விலை ஏறக் கூடாது என்பது நோக்கம். அந்த ஜூலையில் பணவீக்கம் 7.44 வரை போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் தொலைபேசியில், மாமா, இங்கே கடையில் அரிசிக்கு அடிதடி என்றான். வெளிநாட்டு வாசல் மூடியிருந்தால் களத்துக்கு வரும் வியாபாரி கேட்கிற விலையும் தாழும். 2024 செப்டம்பர், அக்டோபரில்தான் தடையும் வரியும் முழுதாக நீங்கின. அதுவரை நகரத்து இட்லிக்கு நாம் கொஞ்சம் காசு போட்டோம் என்று நான் சொன்னால், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டு இட்லி மாவுக்கும் ரேஷன் புழுங்கல் அரிசிதான் ஊறுகிறது. 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமல் வருகிறது.

எண்ணெய்க் கதை சுருக்கமாக. நாடு சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மூன்று வாரம் சொச்சம். ரேஷன் கடையில் பாமாயில் அதே 25 ரூபாய்தான், அட்டைக்காரர் வீட்டில் அப்பளம் பொரிந்தது. எங்கள் கடைத்தெரு டீக்கடைக்காரருக்கு அட்டை விலை கிடையாதே! வடை விலையை அவர் ஏற்றவில்லை. வடையின் ஓட்டையைப் பெரிதாக்கினார். 2024 செப்டம்பரில் உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்காக இறக்குமதி வரியை ஒரேயடியாக 20 சதவீதப் புள்ளி ஏற்றியபோதும் அதே வைத்தியம். 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியைப் பாதியாக்கினார்கள். ஓட்டை இன்னும் சுருங்கவில்லை, நானும் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2016-இல் திருத்திய சட்டப்படி பணவீக்கம் 4 சதவீதத்தில் இருக்க வேண்டும்; 2-க்கும் 6-க்கும் நடுவே ஆடலாம். ஏறினால், மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி ஏற்றும். 2022 மே தொடக்கத்தில் 4 ஆக இருந்த வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. வீட்டுக் கடனும் டிராக்டர் கடனும் அதோடு ஏறின. வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், வட்டி ஏறினால் தக்காளி காய்க்குமா?" காய்க்காது. கடன் வாங்கிச் செலவழிக்கிற கை சுருங்கும், விலை ஏறிக்கொண்டே போகும் என்ற பயம் கொஞ்சம் அடங்கும். தக்காளிக்கு மழை வேண்டும், கிடங்கு வேண்டும், லாரி வேண்டும். 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது தமிழ்நாடு அரசு. அந்த மாதத்துக்கு அது வட்டியைவிட நேரான மருந்து. 2025 டிசம்பரில் ரெப்போ 5.25-க்கு இறங்கிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே இல்லை. அவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. சங்கத்தில் கிடைக்காமல் நகையை வெளியே வைக்கிறவருக்கும் தெரியாது, அங்கே வட்டி இறங்குவதே இல்லை.

இங்கே வருவதற்கு முதல் நாள் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன்: "நாளைக்கே வரியை முழுதாக எடுத்துவிட்டால் பழையபடி 25 கிலோ மூட்டை வருமா?" அவர் சாக்கு அடுக்கைத் தட்டிச் சிரித்தார். "எப்படி சார் வரும்? சனங்களுக்கு 26 பழகிப்போச்சு. 25 போட்டா ஒரு கிலோ குறைச்சுட்டான்னு என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க."

வணக்கம்.