பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்தால்: எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும், எதைக் காட்டாது?

(திரையில்: முகம் பார்க்கும் கண்ணாடி. பிம்பத்தின் கீழ்ப்பாதி இருண்டிருக்கிறது.)

காலையில் எழுந்து கண்ணாடி முன் நிற்கிறீர்கள். வலது கண்ணை மூடினால் நெற்றி தெரிகிறது, வாயும் தாடையும் தெரியவில்லை. வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. பார்வை நரம்பின் முனைக்கு ரத்தம் போதாமல் போனால், பல பேருக்கு அது இப்படித்தான் தொடங்குகிறது.

(திரையில்: கண்ணின் குறுக்குவெட்டு. பின்சுவரில் சிறிய வட்டம்.)

பார்வை நரம்பில் சுமார் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. அத்தனையும் கண்ணின் பின்சுவரில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே உள்ள வாசல் வழியாக வெளியேற வேண்டும். அங்கே ரத்தம் கொண்டுவருபவை மிக மெல்லிய ரத்தக்குழாய்கள். பிறவியிலேயே அந்த வாசல் குறுகலாக இருந்தால், ரத்தம் குறைந்து இழைகள் லேசாக வீங்கினாலும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாம் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

சரி, எம்.ஆர்.ஐ. எடுத்தால் அடைப்பு தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. வீக்கத்தைக் கண்டுபிடிப்பது, கண்மணியை விரித்துப் பார்க்கும் கண் மருத்துவர்தான். அப்புறம் ஸ்கேன் எதற்கு? இதே போலப் பார்வை போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

முதலில் நரம்பு அழற்சி. பெரும்பாலும் இளவயதினருக்கு வரும், கண்ணை அசைத்தால் வலிக்கும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு நோய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அழற்சி வந்த 32 பேரில் 31 பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் நரம்பு மாறியிருந்தது. நரம்புக்கு ரத்தம் குறைந்த 32 பேரில் 5 பேருக்குத்தான் அப்படி. ஆக, ‘நார்மல்’ என்று வரும் ரிப்போர்ட்டும் வீண் இல்லை. அதுவே ஒரு தடயம்.

(திரையில்: ஒரே கண்குழி, இரண்டு படங்கள். ஒன்றில் கொழுப்பு வெள்ளையாக, மற்றதில் கறுப்பாக.)

ஆனால் வெறும் மூளை ஸ்கேன் போதாது. இந்த இரண்டு படங்களையும் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் நரம்பைச் சுற்றிலும் கொழுப்பு. இடது படத்தில் அது பளீரென்று வெள்ளையாக நிற்பதால், ஸ்கேனுக்காக ஊசியில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறி நரம்பு ஒளிர்ந்தாலும் கண்ணில் படாது. வலது படத்தில் கொழுப்பின் ஒளியை அடக்கியிருக்கிறார்கள். இப்போது நரம்பு தனியாகத் தெரிகிறது. கண்குழிக்கென்றே மெல்லிய துண்டுகளாக இப்படி எடுக்க வேண்டும்.

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, தலை சீவினால் உச்சந்தலையில் நோவு, கூடவே பார்வைக் குறைவு என்றால், ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். சில நாட்களிலோ வாரங்களிலோ மறு கண்ணும் போய்விடலாம். உயர்தர எம்.ஆர்.ஐ.யில் நெற்றிப்பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் தடித்து, கான்ட்ராஸ்ட் ஏறி வளையமாக ஒளிரும். சிலருக்கு நரம்பு முனையின் நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்றும் தெரியும்.

ஆனால் ஸ்கேனுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுத்த கையோடு ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள். ஸ்கேனும், ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் பின்னாலேயே வரலாம். ஸ்டீராய்டு தொடங்கிய பின் நாளாக ஆக அந்த வளையம் மங்கும் என்பதால், ஸ்கேனையும் சீக்கிரம் எடுப்பது நல்லது.

(திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒளிரும் சிறிய கோடு.)

பாதிப்பு நரம்பின் பின்பகுதியில் இருந்தால் கண்ணுக்குள் பார்க்கும்போது முதலில் எதுவும் தெரியாது. இங்கே திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. படம் கைகொடுக்கும். ரத்தம் கிடைக்காத திசுவில் நீரின் அசைவு தடைபடும், அந்த இடம் வெள்ளையாக ஒளிரும். அதிக ரத்தம் போன பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை குறைந்தவரிடமும், சைனஸிலிருந்து கறுப்புப் பூஞ்சை பரவியவரிடமும் இதைத் தேடுவார்கள். திடீர்க் கழுத்து வலியும் ஒரு பக்க இமைச் சரிவும் சேர்ந்திருந்தால் கழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்வார்கள். கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருந்தால், சுவருக்குள் தேங்கிய ரத்தம் பிறை வடிவில் வெள்ளையாகத் தெரியும்.

ஸ்கேனுக்குப் போகும் முன் கண் மையையும் இமைப் பூச்சையும் முழுக்கத் துடைத்துவிடுங்கள். சிலவற்றில் உள்ள இரும்புத் துகள் படத்தைக் குலைக்கும். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கண்ணில் உலோகத் துணுக்கு இருந்தால் காந்தம் அதை நகர்த்திவிடும். பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள்.

உள்ளே படுத்ததும் இமையை மூடி, நேராக ஒரு புள்ளியைப் பார்ப்பதுபோலக் கண்ணை வைத்திருங்கள். அந்த நரம்பின் தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். இமைக்குள்ளே கண் உருண்டாலும் பின்னால் நரம்பும் அசையும், படம் கலங்கிவிடும்.