குளிர்நாட்டுப் புயல் வளரும் கதை

நேயர்களுக்கு வணக்கம். புயல் என்றதும் கடலின் சூட்டைக் குடித்து வளரும் வெப்பமண்டலப் புயல்தான் சட்டென்று நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது அதன் பங்காளியான மிதவெப்பமண்டலப் புயலைப் பற்றி. 30 முதல் 60 டிகிரி வரையிலான அட்சரேகைகளில் உருவாகும் இந்தப் புயலுக்குக் கடல் கட்டாயமில்லை. நிலத்தின் மேலும் பிறக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிவது சாதாரணம்.

இதற்குத் தீனி வெப்ப வேறுபாடு. துருவக் குளிர்காற்றும் தெற்கிலோ வடக்கிலோ இருந்து வரும் சூடான காற்றும் உரசி நிற்கும் எல்லைக்கு வளிமுகம் என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஃபிரன்ட்', அதாவது போர்முனை. முதல் உலகப் போரின் சூடு ஆறாத காலத்தில், நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. அவர்களில் ஒருவரான யாக்கோப் பியர்க்னெஸ் இந்தப் புயலின் அமைப்பை 1919-ல் வரைந்து காட்டியபோது அவருக்கு வயது 21!

அந்த எல்லையில் ஒரு சின்ன நெளிவு விழுகிறது. அதன் கிழக்கே சூடான காற்று துருவத்தை நோக்கிப் போகிறது. மேற்கே குளிர்காற்று எதிர்த்திசையில் இறங்குகிறது. கனமானது தாழ, லேசானது எழ, அதில் விடுபடும் ஆற்றல் காற்றின் வேகமாகிறது. வெளித்தூண்டல் பெரிதாக இல்லாமலே இந்த நெளிவு தானாக வளரும் என்பதை வானிலை அறிஞர்களான சார்னி 1947-லும் ஈடி 1949-லும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, ஒரு சந்தேகம் வரவேண்டுமே. நாலாபக்கமிருந்தும் காற்று வந்து கொட்டினால், புயலின் நடுவிலுள்ள தாழ்வழுத்தப் பள்ளம் நிரம்பித்தானே போகும்? போகும்தான். ஆனால் சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் வெகுவேகமாக ஓடும் ஜெட் காற்று, கீழே வந்து சேர்வதைவிட அதிகமாக மேலே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் அழுத்தம் மேலும் இறங்குகிறது. இதற்கு மேலடுக்குக் காற்றிலுள்ள தாழ்வழுத்தப் பள்ளம் தரையிலுள்ள பள்ளத்துக்குச் சற்று மேற்கே இருக்கவேண்டும். அதாவது, புயல் மேலே போகப்போக மேற்கே சாய்ந்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால், மொத்த விஷயத்தின் உயிர்நாடி இந்தச் சாய்வுதான். வானிலை வரைபடத்தில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

எல்லாம் கூடிவந்தால் 60 டிகிரி அட்சரேகையருகே 24 மணி நேரத்தில் நடு அழுத்தம் 24 மில்லிபார் கூட இறங்கும். அப்படிப்பட்டதை 'குண்டு' என்றே அழைக்கிறார்கள்.

அப்புறம் குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர் வளிமுகம் வேகமாக வந்து, சூடான காற்றின் முன்விளிம்பான வெப்ப வளிமுகத்தைப் பிடித்துவிடும். சூடான காற்று தரையைவிட்டு மேலே தள்ளப்படும். சாய்ந்திருந்த புயல் நிமிர்ந்து நிற்கும். தீனி தீர்ந்து பள்ளம் மெல்ல நிரம்பும். அதற்குள், அது இழுத்துவந்த குளிர் வளிமுகத்தின் வாலில் சில நேரம் அடுத்த நெளிவு விழுந்திருக்கும்.