நம்மை எதிர்பார்க்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பயணத்தின் நடுவே தன்னார்வப் பணி செய்தால் என்ன கிடைக்கும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கரையில் டார்ட்டுகெரோ என்று ஓர் ஊர். அங்கே போகச் சாலை கிடையாது. படகு, இல்லாவிட்டால் சிறு விமானம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பேராமைகள் முட்டையிட அந்தக் கரையில் ஏறும். 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் அந்த ஆமைகளின் துடுப்பில் உலோக வில்லை மாட்டி, யார் வந்தது, எப்போது வந்தது என்று குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது. தொடர வேண்டுமானால் இரவெல்லாம் கரையில் நடக்க ஆட்கள் வேண்டும். மூன்று வாரம் நானும் அந்த ஆட்களில் ஒருவராக இருந்தேன்.

கறுப்பு உடைதான் போட வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது. நிலா இல்லாத இரவில் முதலில் எதுவுமே தெரியாது. கொஞ்ச நேரம் போனால் அலையின் நுரை மட்டும் வெளுப்பாகத் தெரியும். அப்புறம் மணலில் டிராக்டர் ஏறிப் போனதுபோல அகலமாக ஒரு தடம். அதைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவோம். ஆமை குழி தோண்டும்போது வெளிச்சமோ அசைவோ அதன் கண்ணில் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு அது ஒருவித மயக்கத்துக்குப் போகிறது. அப்போதுதான் கிட்டே போகலாம், அதுவும் பின்பக்கமாக.

மூன்றாவது இரவு எண்ணும் வேலை எனக்கு வந்தது. கையுறை போட்டுக்கொண்டு, ஈர மணலில் குப்புறப் படுத்து, குழிக்குள் கையை நீட்டி, விழுகிற முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சில சமயம் ஒன்று விழும், சில சமயம் மூன்று சேர்ந்து விழும். தோல் போல மெத்தென்ற ஓடு. தலைக்கு மேலே அந்தப் பெரிய உயிர் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறது. கவனம் சிதறினால் கணக்குப் போச்சு. 112 வந்தது. குழுத் தலைவர் அந்த ஊர்க்காரர், இளைஞர். என்னிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு நோட்டில் எழுதினார். அவருடைய தாத்தா காலத்தில் அந்த ஊர் ஆமைகளைப் பிடித்து விற்றுப் பிழைத்தது. பேரன் அதே கரையில் முட்டைக் கணக்கு எழுதுகிறார்.

மறுநாள் மாலை படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “நேற்று எத்தனை?” என்று கேட்டார். எந்த நாடு, எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நேற்று எத்தனை என்று மட்டும்தான் கேட்டார். பல வருடம் பல ஊர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதுவரை எந்த ஊரும் என்னிடம் ஒரு தகவல் கேட்டதில்லை. சுற்றிப் பார்க்கப் போனவருக்கு ஊர் தன் முகப்பைக் காட்டும், தவறில்லை. அங்கே ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவரை ஊர் நாளைக்கும் எதிர்பார்க்கும். “இன்றைக்கு இரண்டாவது ரோந்து நீ” என்று யாரோ சொல்லும்போது மனதுக்குள் ஒரு நிமிர்வு வருகிறதே, எந்தச் சுற்றுலாவிலும் அதை நான் கண்டதில்லை.

வேறு நாட்டுக்குப் போய்த் தன்னார்வப் பணி செய்யும் இந்த வழக்கத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1920இல் பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், முதல் உலகப் போரில் நொறுங்கிப்போன வெர்டன் பகுதியில் எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்கு ஒரு சிறு குழுவோடு போனார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடம் ஆன நேரம். நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டுக்காரர்கள் வந்து தற்காலிக வீடுகள் கட்டினார்கள், பாதையைச் சீர்செய்தார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை; எதிர்ப்பு வலுத்து, சில மாதங்களில் அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் இன்று உலகமெங்கும் நடக்கும் பன்னாட்டுப் பணிமுகாம்களின் முதல் வேர் அங்கேதான் இருக்கிறது. சமாதானத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசாமல் சேர்ந்து மண் அள்ளலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, எனக்கு அது பெரிய விஷயம்.

இன்றைக்கு வழிகள் பல. 1971இல் சூ காப்பார்ட் என்ற, லண்டன் அலுவலகம் ஒன்றில் செயலராக வேலை பார்த்த பெண் ஒருவர், வார இறுதியில் இயற்கைப் பண்ணையில் வேலை செய்து பார்க்கலாமே என்று தொடங்கியது இப்போது வூஃப் என்ற பெயரில் நாடு நாடாகப் பரவியிருக்கிறது. நாளுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். ஸ்பெயினில் சாந்தியாகோ நடைபயணப் பாதையில் யாத்ரீகர் விடுதிகளைத் தன்னார்வலர்கள் பதினைந்து நாள் முறைவைத்து நடத்துகிறார்கள். அந்தப் பாதையை முன்பே நடந்தவர்களைத்தான் அந்தப் பணிக்கு எடுக்கிறார்கள். சரியான ஏற்பாடு. கொப்புளம் வந்த காலோடு உள்ளே வருகிறவருக்கு முதலில் என்ன வேண்டும் என்று, நடந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொழியும் வேறு மாதிரி வந்து ஒட்டும். புத்தகத்தில் படித்தால் முதலில் வணக்கமும் நலமும் வரும். எனக்கு முதலில் வந்த ஸ்பானிய வார்த்தை ‘தெஸ்பாசியோ’, மெதுவாக என்று பொருள். அடுத்து முட்டை, மணல், ஓடு, கயிறு, காத்திரு. இலக்கணம் ஒன்றும் தெரியாது. ஆனால் இருட்டில் ஒருவர் கிசுகிசுத்தால் என் உடம்பு சரியாக நின்றது, சரியாக நகர்ந்தது. காது வழியாக வந்த அந்த வார்த்தைகள் எதுவும் இன்னும் மறக்கவில்லை.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வாரம் தங்கிச் சேவை செய்யலாம் என்று யாராவது அழைத்தால், தயவுசெய்து போகாதீர்கள். கம்போடியாவில் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது 2011இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. பார்வையாளர்கள் பணத்தோடு வரவர, வறுமையில் இருக்கும் வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்துக் காப்பகத்தில் சேர்ப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு புது முகங்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போனால், ஒட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் தன்னை விட்டுப் போவார்கள் என்றுதான் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும். நமக்கு அதில் எவ்வளவு நிறைவு வந்தாலும் அந்த விலை கொடுத்து அது வேண்டாம்.

மற்ற இடங்களிலும் போகுமுன் சிலதைக் கேளுங்கள். இந்த வேலைக்கு உள்ளூரில் கூலி வாங்குகிறவர் இருக்கிறாரா? நான் போனால் அவர் வேலை போகுமா? கட்டணம் கேட்டால் அது எங்கே போகிறது? நான் கிளம்பிய பிறகு இதை யார் தொடர்வார்கள்? அப்புறம் விசா. சம்பளம் இல்லாவிட்டாலும், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பதிலாகச் செய்வதை வேலை என்றே கருதும் நாடுகள் பல. அங்கே சுற்றுலா விசா போதாது. தூதரகத்தின் இணையப் பக்கத்தில் முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக அந்த 112 முட்டைகள். பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்று எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் இருந்தது மூன்று வாரம்தான். கூடு இருந்த இடத்துக்கு நேரே மரங்களில் நாடா கட்டி, தூரத்தை அளந்து எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினேன். குஞ்சுகள் வெளியேறிய பிறகு கூட்டைத் தோண்டி, வெற்று ஓடுகளை எண்ணுவது அங்கே வழக்கம். வீடு திரும்பி வெகு நாளைக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. எனக்குப் பின்னால் வந்த தன்னார்வலர் ஒருத்தி எழுதியிருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. நோட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, முகவரி கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள். இரண்டே வரி: “உங்கள் கூட்டை இன்று காலை நான் தோண்டினேன். வெற்று ஓடுகள் 97.”

நன்றி, வணக்கம்.