பல்லும் முடியும் உள்ள கட்டி

வணக்கம், நேயர்களே. அறுவை செய்து எடுத்த கட்டிக்குள் முடியும் பல்லும் இருந்தன என்று செய்தி வந்தால், தோட்டத்தில் முதலில் கிளம்புவது செய்வினைப் பேச்சு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் அதைவிட மோசமான பேச்சு. அதை முதலில் தீர்த்துவிடுவோம்.

இதற்கு டெர்மாய்டு கட்டி என்று பெயர். சினைப்பையில் வருவது. பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகளுக்கான மூல உயிரணுக்கள் சினைப்பைக்கு வந்துவிடுகின்றன. தோல், முடி, பல், எலும்பு என்று எதையும் உண்டாக்கும் திறன் அவற்றில் அடங்கிக் கிடக்கிறது. எப்போதாவது அப்படி ஒரு உயிரணு, விந்தணுவுக்குக் காத்திராமல் தானே பெருக ஆரம்பிக்கிறது. ஆனால் ஒழுங்கு கிடையாது. அதனால் அது குழந்தையும் ஆகாது. தோல் ஒரு பக்கம், முடி ஒரு பக்கம், பல் ஒரு பக்கம்.

சமைத்துக்கொண்டே கேட்கும் அம்மாமார்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். அதில் இருப்பது முழுக்க அந்தப் பெண்ணின் சொந்த மரபணு. எந்த ஆணுக்கும் அதில் பங்கில்லை. பள்ளிக்கூடம் போகும் சிறுமிக்கும் வரும். மகளை யாரும் குற்றவாளியாக்க வேண்டாம்.

எப்படிப் பெரிதாகிறது? உள்ளே வளர்ந்த தோல் எண்ணெய் சுரக்கிறது. வெளியே போக வழியில்லை, தேங்குகிறது. சராசரியாக ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர்கூட வளராது. அதனால்தான் பல வருஷம் தெரியாமலே இருக்கும். அந்த எண்ணெய் உடம்புச் சூட்டில் நீர்த்திருக்கும், வெளியே எடுத்தால் ஆறிய நெய்போல உறையும். அறுவையின்போது சிந்திவிட்டால் வெதுவெதுப்பான உப்புநீரால் நன்றாகக் கழுவுவது இதற்காகத்தான். குளிர்ந்த நீர் ஊற்றினால் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். வெடிப்பது அரிதுதான், ஆனால் வெடித்தால் கொழுப்பு பரவி வயிற்று உட்சவ்வு முழுவதும் அழற்சியாகும்.

அதைவிட அடிக்கடி நேர்வது முறுக்கு. கட்டியின் கனத்தால் சினைப்பை தன் தண்டிலேயே சுற்றிக்கொள்கிறது, இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. ஒரு பக்கம் அடிவயிற்றில் திடீர் வலி, கூடவே வாந்தி. வலி விட்டுவிட்டும் வரலாம். காற்று பிடித்துக்கொண்டது என்று ஓமத்தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருந்தால் சினைப்பை செத்துப்போகும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் முறுக்கை அவிழ்த்துக் காப்பாற்றலாம். அடிவயிறு கனமாக மட்டும் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்து, மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்தால் இரண்டு சினைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் இருக்கும்.

நேரம் நெருங்கிவிட்டது. சினைப்பைக் கட்டிகளில் இரண்டு அரிய வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில டெர்மாய்டுகளில், கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டு சுரப்பியின் திசுவே பெரும்பகுதியாக வளரும். அதில் சிலருக்குக் கழுத்தில் கோளாறு இல்லாமலே கை நடுக்கமும் மெலிவும் வரும். இன்னொன்று டெர்மாய்டு அல்ல, 1937இல் அமெரிக்க மருத்துவர் மெய்க்ஸ் எழுதிய நிலை: சினைப்பையில் கெட்டியான நார்க்கட்டி, வயிற்றில் நீர், பெரும்பாலும் வலப்பக்க நெஞ்சிலும் நீர். புற்றுநோய்போலவே தோன்றும். இரத்தத்தில், சினைப்பைப் புற்றுநோயைச் சந்தேகிக்கும்போது பார்க்கும் சிஏ 125 என்ற புரதத்தின் அளவும் ஏறியிருக்கலாம். ஆனால் கட்டியை எடுத்ததும் இரண்டு இடத்து நீரும் வற்றிவிடும். ஆகவே, எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். வணக்கம்.