புதியவருக்கு ஒரு வேகக் கட்டுப்பாடு

நேயர்களுக்கு வணக்கம். வன்னியில் சவாரி என்றால் மாட்டுவண்டிச் சவாரிதான். குதிரை பார்க்க நெடுந்தீவுக்குப் படகேற வேண்டும். ஆனாலும் இன்று குதிரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சோடி விடுகிற இளந்தாரிமாரும் கொஞ்சம் கேளுங்கோ.

நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் பேர்போனது கலிபோர்னியாவின் டெவிஸ் கிண்ணம். 1955இல் தொடங்கியது. மலைப்பாதையில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு ஏ9 வீதியால் வவுனியாவையும் தாண்டிவிடுகிற தூரம். 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். இடையிடையே மறித்து மிருக வைத்தியர் பார்ப்பார்: இதயத்துடிப்பு, ஈறின் நிறம், உடம்பின் நீர்ச்சத்து, நடையில் நொண்டல். சர்வதேசப் போட்டிகளில் பொதுவாக, குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்காவிட்டால் அந்தக் குதிரைக்கு அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். முதலாவதாக வந்த குதிரையையும் விடமாட்டார்கள். கோட்டைத் தாண்டிய பிறகும் சோதனை உண்டு, அதில் தவறினால் வெற்றி இல்லை.

புதியவர் விதிதான் எனக்குப் பிடித்தது. சர்வதேசப் போட்டிக்குள் நுழைய முன்னர், 40 தொடக்கம் 100 கிலோமீட்டர் வரையான சில ஓட்டங்களை மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேற்படாமல் முடித்துக் காட்ட வேண்டும். ஓட்டுபவருக்கும் இது உண்டு, குதிரைக்கும் உண்டு. வேகமாக ஓடினால் அந்த ஓட்டம் தகுதிக்குக் கணக்கில்லை!

ஆனால் ஒரு மறிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில், காட்டுப்பாதையில், யார் பார்க்கிறார்கள்? ஒருவருமில்லை. குதிரை களைத்தால் இறங்கிக் கூடவே நடப்பதும், சரி, இன்றைக்குப் போதும் என்று தானாக விலகுவதும் ஓட்டுபவர் கையில்தான். 1972இல் தொடங்கிய அமெரிக்க நெடுந்தூரக் குதிரையோட்டச் சங்கம் ‘முடிப்பதே வெற்றி’ என்பதைத் தன் வாசகமாக வைத்திருக்கிறது.

எங்கள் சவாரி ஒரே பாய்ச்சல். துடிப்புக் கணக்கை அப்படியே கொண்டுவர ஏலாது. ஆனால் நாம்பன் சோடியோடு முதல் வருடம் வருகிற பெடியனுக்கு, கம்பில்லாமல் ஓடி முடிக்கிற ஒரு பிரிவை வைக்கலாமே? ஓட்டம் முடிந்ததும் மாட்டின் முதுகையும் வாலையும் பார்த்து, காயம் இருந்தால் பரிசு இல்லை என்று சொல்லலாமே? வெளியிலிருந்து ஒருவர் வந்து தடுக்கும்வரை காத்திருந்தால் சவாரியையே நிறுத்தச் சொல்வார்கள். திடலில் வயது போன அண்ணைமார் இருக்கிறார்கள், எந்த மாடு எதற்காக ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேரும் ஒரு மிருக வைத்தியரும் முடிவுக் கோட்டடியில் நின்றால் போதும். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்க முன்னர் சங்கங்கள் இதைக் கூடிப் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.