1597-க்குப் பிறகு யார் படிப்பது?

(உதகையில் வரலாற்று ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலை நேரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின் வரிசையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம்.

இந்த ஊரில் யாரிடம் மலையின் வரலாற்றைக் கேட்டாலும் பேச்சு அந்தக் காலக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனில்தான் தொடங்குகிறது. 1819-இல் அவர் மேலே வந்தார், ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு பயிரிட்டார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். சல்லிவன் வருவதற்கு 216 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்த நீலகிரி மலைக்கு ஏறி வந்து, இங்கே வாழும் தோதர்களையும் படகர்களையும் பார்த்துப் பேசி, பார்த்ததை எழுதியும் வைத்தார். அவர் பெயர் ஜாக்கோமோ ஃபெனிச்சியோ. இத்தாலியர், இயேசு சபைக் குரு. நம் பாட்டிமார் வாயில் அது 'சேசு சபை'. கள்ளிக்கோட்டையில் பணியாற்றிக்கொண்டிருந்தவர் 1603-இல் மலபார்ப் பக்கத்திலிருந்து இங்கே ஏறி வந்தார்.

எதற்காக வந்தார்? இயேசுவின் சீடர் தோமாவின் வழிவந்த கிறிஸ்தவர்கள் சிலர் பழங்காலத்தில் மலைக்குள் போய்த் தங்கிவிட்டார்கள், அவர்களின் வாரிசுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று மலபாரில் ஒரு பேச்சு இருந்தது. அதைச் சரிபார்க்க முந்தைய ஆண்டே ஒரு குழு போய் வந்தது. அது கொண்டுவந்த செய்தி தெளிவாக இல்லாததால் ஃபெனிச்சியோவை அனுப்பினார்கள். அவர் கையில் இருந்தது ஒரே கேள்வி: மலையில் இருப்பவர்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா?

இல்லை என்பது விடை. அந்த ஒரு சொல்லை எழுதி அனுப்பியிருந்தால் மேலிடத்துக்குப் போதும். ஆனால் அவர் எருமைகளைப் பற்றி எழுதினார். எருமையோடு பிணைந்த வழிபாட்டையும், நீண்ட முடியும் தாடியுமாக வந்து நின்ற தோதர் பூசாரியின் தோற்றத்தையும், அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கத்தையும் எழுதினார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூலும் கொடுத்ததைக்கூட விடவில்லை. கேட்ட கேள்விக்கு விடை ஒரு சொல். கேட்காத கேள்விகளுக்குத்தான் விடைகள் ஏராளம். 1906-இல் தோதர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலின் பின்னிணைப்பில் இந்த அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. போர்ச்சுகீசியக் கையெழுத்துப் படி லண்டனில் இருக்கிறது. இங்கே மேடைகளில் ஃபெனிச்சியோவின் பெயர் ஒலித்து நான் கேட்டதேயில்லை. அந்த வருத்தம்தான் என்னை இன்று பேச வைக்கிறது.

ஒரு துறவற சபையின் வரலாற்றை ஆராய்வது அந்தச் சபையாரின் வேலை, அல்லது கத்தோலிக்கரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இயேசு சபை 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற நாள் முதல் கடிதங்களால் இயங்கியது. நிறுவனர் இக்னேசியஸ் லொயோலா எழுதியவற்றில் மட்டும் ஏறத்தாழ 7,000 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. 1542-இல் சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் கரையிறங்கினார். அதன்பின் முத்துக்குளித்துறையிலிருந்தும் மலபாரிலிருந்தும், பிறகு மதுரையிலிருந்தும் கடிதங்கள் கப்பலேறிக்கொண்டே இருந்தன. அவற்றில் இருப்பது யாருடைய வாழ்க்கை? நம் ஊர்களின் வாழ்க்கை.

மதுரை நாயக்கர் வரலாற்றையே பாருங்கள். 1924-இல் சத்தியநாத ஐயர் அந்த வரலாற்றை எழுதியபோது சபையாரின் கடிதங்கள் அவருக்கு முதன்மைச் சான்றுகளாக இருந்தன. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படையோடு நடந்த மூக்கறுப்புப் போரை நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கு முக்கியமான சாட்சி 1659-இல் அந்தாம் தெ ப்ரோயென்சா என்ற சபைக் குரு எழுதிய கடிதம். இதே ப்ரோயென்சா தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி அவர் இறந்த பிறகு 1679-இல் மலபாரில் அம்பழக்காட்டில் அச்சாயிற்று. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைத் தேடி எடுத்து 1966-இல் மறுபதிப்பாக நம் கைக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். தமிழறிந்த ஒருவர் போய்ப் பார்க்கும்வரை அது அங்கே ஒரு பழைய புத்தகம், அவ்வளவுதான்.

இனி, இந்தக் கடிதங்களை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1542-இல் இக்னேசியஸ் தம் தோழர்களுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். முதன்மைக் கடிதத்தை யாருக்கும் காட்டத்தக்கதாக எழுத வேண்டும். அதைத் திருத்தி மறுபடியும் எழுத வேண்டும். உள்விவகாரம், மனத்தாங்கல், நோய், பண முடை இவையெல்லாம் தனித் தாளில் போக வேண்டும். ஆக, ஒரே கையிலிருந்து இரண்டு குரல்கள் வருகின்றன. ஐரோப்பாவில் சபைக்கு ஆதரவும் புதிய ஆட்களும் திரட்ட அச்சிட்டுப் பரப்பியது பெரும்பாலும் முதல் குரலை. அதை மட்டும் படிப்பவருக்கு வெற்றிமேல் வெற்றியாகத் தெரியும். மதுரையில் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி 1606-இல் தொடங்கிய பணியை, அங்கே அவருக்கு முன்பிருந்தே இருந்த சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் எவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்பதை அறிய இரண்டாவது குரலைத் தேட வேண்டும். குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறிஸ்தவருக்கு ஆகுமா என்ற அந்த வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தந்த ஆணையில்தான் ஓரளவு அடங்கியது. ஒரே சபை, ஒரே ஊர், ஆனால் இரண்டு பேரும் எழுதியது இரண்டு வேறு மதுரை.

இரண்டு குரலிலும் அரிதாகவே கேட்பது உபதேசியார்களின் குரல். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் ஊரில், மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்து, சாகக் கிடப்பவருக்கு அருகில் இருந்து, சண்டை தீர்த்து வைத்தவர்கள் அவர்கள். கடிதத்தில் 'ஒரு நல்ல உபதேசியார்' என்று ஒரு வரியில் கடந்துபோய்விடுவார்கள். ஃபெனிச்சியோவோடு மலையேறி வந்தவர்களும் அவருக்காகப் பேச்சை மாற்றிச் சொன்னவர்களும் நிழலாகவே நிற்கிறார்கள். அவர்களை அந்தத் தாள்களிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் இந்த ஆராய்ச்சியில் எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றுகிறது.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலப் போர்ச்சுகீசியக் கையெழுத்தை முதன்முதலாகப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் நான்கு சொற்கள்கூட எனக்குப் பிடிபடவில்லை. பெருக்கல் குறி போல ஒன்று, அதன் அருகே 'ப' ஒலிக்குரிய எழுத்து, மேலே ஒரு சுழி. இது என்ன ஊர்ப்பெயர் என்று இரண்டு நாள் குழம்பினேன். அது ஊர்ப்பெயர் இல்லை. 'கிறிஸ்தவர்' என்ற சொல். கிறிஸ்துவின் பெயரைக் கிரேக்கத்தில் எழுதும்போது முதலில் வரும் கீ, ரோ என்ற இரண்டு எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொண்டு, மீதியைச் சுருக்கி மேலே கோடு போட்டுவிடுவார்கள். இது பிடிபட்டவுடன் பக்கம் முழுவதும் அந்தக் குறி கண்ணில் பட்டது. பிறகு ஒன்று தெரிந்தது: அந்தக் குறி எந்த வரியில் நிற்கிறதோ அங்கே எழுதியவரின் கவனம் கூர்மையாகிறது, அது இல்லாத வரிகளில்தான் விளைச்சலும் விலைவாசியும் பஞ்சமும் தானாக வந்து விழுகின்றன.

பழனி மலையில், கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில், 1895-இல் சபையார் கட்டிய பெரிய இல்லம் இருக்கிறது. அங்கே உள்ள தாவர, விலங்குக் காட்சியகத்தைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்திருப்பார்கள். நொபிலி தொடங்கிய மறைப்பணியான மதுரை மிஷனின் ஆவணங்களும் அங்கே பேணப்பட்டன. பல தலைமுறை ஆய்வாளர்கள் அந்த மேசைகளில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். பூச்சியும் வெக்கையும் சமவெளியில் காகிதத்துக்குப் பகை என்றால் மலையில் ஈரம் பகை. மேகம் சன்னலுக்குள் வரும் ஊரில் ஒரு தாளைக் காப்பாற்றுவது எத்தனை பாடு என்பது உதகைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு அலமாரியில் கல்யாணப் பத்திரிகை நான்கு மழைக்காலம் தாங்குவதில்லை. அந்தக் காப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சபை தன் பழைய ஆவணங்களைப் பிழையற்ற பதிப்பாக வெளியிடும் பெருந்தொடரை 1894-இல் மாட்ரிட்டில் தொடங்கியது. அதில் இந்தியப் பகுதியை ஜோசப் விக்கி என்ற அறிஞர் 1948 முதல் 1988 வரை, நாற்பது ஆண்டுகள், 18 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். சவேரியாருக்கு முந்தைய 1540-இல் தொடங்கும் அந்தத் தொகுதிகள் 1597-இல் வந்து நிற்கின்றன. கணக்கைப் பாருங்கள். ஃபெனிச்சியோ இந்த மலைக்கு வந்தது 1603. மதுரை மிஷன் தொடங்கியது 1606. அருளானந்தர் என்ற சபைக் குரு ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் வெட்டுண்டது 1693. வீரமாமுனிவர் காலம் அதற்கும் பின். நமக்கு மிக நெருக்கமான காலம் முழுவதும் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

அந்த எல்லையைத் தாண்டி யார் போவது? ஐரோப்பாவிலிருந்து இன்னொரு விக்கி வருவார் என்று காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர் வந்தாலும் பாதிதான் படிக்க முடியும். ஃபெனிச்சியோ ஒரு படகர் ஊரின் பெயரைத் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார். அதை அடையாளம் காண லிஸ்பனில் படித்த கண் போதாது, படகரின் மொழியான படகு பேசி வளர்ந்த காது வேண்டும். அவர் எருமை வழிபாட்டைப் பற்றி எழுதிய பத்தியை ஒரு மந்தில், அதாவது தோதர் குடியிருப்பில், தோதர் பெரியவர் முன்னால் படித்துக்காட்ட வேண்டும். எது சரி, எது வந்தவர் தவறாகப் புரிந்துகொண்டது என்று அவர் சொல்ல வேண்டும். நானூறு ஆண்டுகளாக அவர்களைப் பற்றி ஒரு தாள் பேசிக்கொண்டிருக்கிறது. அவர்கள் அதற்குப் பதில் சொல்ல இதுவரை யாரும் நாற்காலி போடவில்லை.

இந்த அரங்கில் போர்ச்சுகீசியம் தெரிந்தவர்கள் ஒருவர் இருவர்தான் இருக்கக்கூடும். ஆனால் படகும் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மூன்று மொழி வந்தவருக்கு நான்காவது வராமல் போகாது. அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, இதே கட்டடத்தின் மாடி அறையில், கையெழுத்து வாசிப்பு வகுப்பைத் தொடங்குகிறேன். கட்டணம் இல்லை. முதல் நாள் ஒரே ஒரு பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வோம். பென்சிலும் ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுவாருங்கள். வீட்டில் பழைய ஊர்ப்பெயர்கள் தெரிந்த தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, ஏற்றிவிட நான் கீழே நிற்பேன்.